உயரமான காரைத் தாழ்த்தலாமா?

சக்கரத்துக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்!

யானை போல நிமிர்ந்து நிற்கும் கார்களுக்கு "எஸ்.யு.வி." என்று பெயர். இன்று நகரத்துத் தெருக்களில் எங்கே பார்த்தாலும் இந்தக் கார்கள் கண்ணில் படுகின்றன.

உயரமாக இருக்கிறது என்பதற்காகவே பலர் இதை வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு சிலருக்கு வேறு ஓர் ஆசை பிறக்கிறது. "உயரத்தைக் கொஞ்சம் குறைத்தால் என்ன?" என்பதே அந்த ஆசை!

உயரமான காரை விலை கொடுத்து வாங்குவது. பிறகு கூலி கொடுத்து அதைக் குள்ளமாக்குவது. கேட்க வேடிக்கையாக இருக்கிறது அல்லவா? ஆனால், இதற்குக் காரணம் உண்டு. இதில் ஆபத்தும் உண்டு.

உயரம் எதற்காக?

எஸ்.யு.வி. என்பது ஜீப்பின் வழியில் வந்த வண்டி. கல்லும் மேடும் உள்ள பாதையில் போவதற்காக உண்டானது. வழியில் கிடக்கும் கல் வண்டியின் அடியில் இடிக்கக் கூடாது. அதற்காகவே உயரமாகச் செய்தார்கள்.

சக்கரத்துக்கு மேலே ஒரு காலி இடம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே கையை நுழைக்கலாம். அது வீணாக விட்ட இடம் அல்ல. பள்ளத்தில் விழுந்து எழும்போது சக்கரம் மேலே ஏறும். முன் சக்கரம் இடமும் வலமும் திரும்பும். அதற்கெல்லாம் வேண்டிய இடம் அது.

இந்தக் காரை வாங்கும் பலர் காட்டுப் பாதைக்குப் போவதே இல்லை. வீட்டில் இருந்து அலுவலகம். அலுவலகத்தில் இருந்து கடைத்தெரு. அவ்வளவுதான்! அதனால், "இவ்வளவு உயரம் நமக்கு எதற்கு?" என்று நினைக்கிறார்கள்.

வயதான தாய், தந்தையர் ஏறி இறங்கச் சிரமப்படுகிறார்கள். வளைவில் திரும்பும்போது வண்டி சாய்கிறது. தாழ்வான கார் பார்க்க அழகாகவும் இருக்கிறது. இவைதான் தாழ்த்துகிறவர்கள் சொல்லும் காரணங்கள்.

வைக்கோல் வண்டிக் கணக்கு

வைக்கோலை மலை போல ஏற்றி வரும் வண்டியைக் கவனியுங்கள். மேட்டில் ஒரு சக்கரம் ஏறினால் போதும். வண்டி ஒரு பக்கமாகச் சாயும். அதே வண்டியில் நெல் மூட்டைகளைத் தாழ்வாகப் பரப்பி ஏற்றினால், அவ்வளவு எளிதில் சாயாது.

பாரம் உயரத்தில் இருந்தால் கவிழும் பயம் அதிகம். தாழ்வாக இருந்தால் பயம் குறைவு. காருக்கும் இதே கணக்குதான்.

அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்புத் துறை இதை எண்ணாகவே கணக்கிடுகிறது. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே உள்ள அகலத்தில் பாதியை எடுக்க வேண்டும். அதை, வண்டியின் பார மையம் தரையில் இருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதனால் வகுக்க வேண்டும். வரும் எண் பெரிதாக இருந்தால் நல்லது.

சாதாரணக் கார்களுக்கு இந்த எண் பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரை வரும். எஸ்.யு.வி.களுக்கு 1.0 முதல் 1.3 வரைதான் வரும்.

ஓர் உதாரணம்: சக்கரங்களுக்கு நடுவே 60 அங்குலம். பார மையம் 27 அங்குல உயரம். 30-ஐ 27-ஆல் வகுத்தால் சுமார் 1.11 வரும். பார மையம் 2 அங்குலம் கீழே இறங்கினால், 30-ஐ 25-ஆல் வகுக்கிறோம். இப்போது 1.20! வண்டி முன்னைவிட உறுதியாக நிற்கும்.

ஆக, தாழ்த்துவது வெறும் மோகம் மட்டும் அல்ல. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால், உயரத்தில் கை வைக்கிறவர்கள் டயரை மறந்தால் என்ன ஆகும்? அதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு கதை இருக்கிறது.

271 உயிர்கள்!

"போர்டு" கம்பெனியின் "எக்ஸ்புளோரர்" என்ற எஸ்.யு.வி. 1990-ம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அமெரிக்கக் குடும்பங்கள் போட்டி போட்டுக் கொண்டு வாங்கின.

விற்பனைக்கு வரும் முன்பு நடந்த சோதனைகளிலேயே, வேகமாகத் திருப்பினால் வண்டி கவிழக் கூடும் என்று தெரிந்தது. வண்டியை அகலமாக்கலாம், டயரில் காற்றைக் குறைக்கலாம் என்று என்ஜினீயர்கள் பல யோசனைகளைச் சொன்னார்கள். வண்டியின் அகலத்தை அப்போது கூட்டவில்லை. டயருக்கு 26 பவுண்டு காற்று போதும் என்று கம்பெனி அறிவித்தது.

காற்று குறைந்த டயர் அதிகமாக நசுங்கும். நசுங்கி நசுங்கி எழும்போது சூடு ஏறும். கோடை வெயில், வேகம், குடும்பத்தோடு மூட்டை முடிச்சு எல்லாம் சேர்ந்தால் சூடு இன்னும் கூடும்.

அந்தக் காரில் "பயர்ஸ்டோன்" டயர்கள் போடப்பட்டிருந்தன. ஓடும்போதே பல டயர்களின் மேல் பட்டை உரிந்து பிய்ந்தது. உயரமான கார்கள் உருண்டு கவிழ்ந்தன. இந்த டயர்கள் பழுதானதால் நேர்ந்த விபத்துகளில், அமெரிக்காவில் மட்டும் 271 பேர் மாண்டதாக அரசாங்கம் கணக்கு எடுத்தது.

2000-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், புழக்கத்தில் இருந்த சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாகப் பயர்ஸ்டோன் அறிவித்தது. "டயரில்தான் கோளாறு" என்றது போர்டு. "காரில்தான் கோளாறு" என்றது பயர்ஸ்டோன். ஏறக்குறைய 95 ஆண்டு காலம் நீடித்த இரு கம்பெனிகளின் உறவு 2001-ம் ஆண்டில் முறிந்தது.

பிறகு வந்த 2002-ம் ஆண்டு மாடலில், சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலம் இரண்டரை அங்குலம் கூட்டப்பட்டது.

காரின் உயரமும் டயரும் ஒன்றோடு ஒன்று பிணைந்தவை. ஒன்றைத் தொட்டால் மற்றதைப் பார்த்தே தீர வேண்டும். இதுதான் அந்தக் கதை சொல்லும் பாடம்.

கீழே இறங்கினால் கைது!

காரைத் தாழ்த்தும் பழக்கம் எஸ்.யு.வி. வருவதற்கு முன்பே அமெரிக்காவில் தோன்றி விட்டது. கலிபோர்னியாவில் வாழும் மெக்சிகோ வம்சத்து இளைஞர்கள் இதில் பேர் பெற்றவர்கள்.

மற்றவர்கள் வேகமாக ஓட்டுவதைப் பெருமையாக நினைத்தார்கள். இவர்களோ தாழ்வாக, மெதுவாக ஊர்வலம் போல ஓட்டுவதைப் பெருமையாக நினைத்தார்கள். ஆரம்பத்தில் மணல் மூட்டைகளைக் காரின் பின்னால் வைத்து அதைத் தாழ்த்தினார்கள்! இந்தக் கார்களுக்கு "லோரைடர்" என்று பெயர்.

1950-களின் கடைசியில் கலிபோர்னியா ஒரு சட்டம் போட்டது. காரை மாற்றி அமைத்து, அதன் எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடி விளிம்பைவிடக் கீழே இறங்கும்படி செய்யக் கூடாது என்பது சட்டம். போலீசார் கார்களை நிறுத்திக் குனிந்து பார்த்தார்கள். மீறியவர்கள் மீது வழக்குப் போட்டார்கள்.

ரான் அகிரே என்பவர் 1959-ம் ஆண்டில் இதற்கு ஒரு தந்திரம் செய்தார். விமானத்தில் பயன்படும் ஹைட்ராலிக் பம்பைத் தன் காரில் பொருத்தினார். உள்ளே இருந்தபடியே காரை உயர்த்தலாம், தாழ்த்தலாம்! போலீசாரைக் கண்டால் கார் எழுந்து நிற்கும். அவர்கள் போனதும் மறுபடி படுத்துக் கொள்ளும்!

அந்தச் சட்டம் 60 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. "எங்கள் சமூகத்தைத் துன்புறுத்தவே இது பயன்படுகிறது" என்று லோரைடர் குடும்பங்கள் நெடுங்காலம் போராடின. 2023-ம் ஆண்டில் அதை நீக்கும் சட்டம் நிறைவேறியது. 2024-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி தடை நீங்கியது.

அரசாங்கம் போட்ட சட்டத்தை நீக்கலாம். சக்கரத்துக்கு இடம் வேண்டும் என்ற சட்டத்தை யாராலும் நீக்க முடியாது!

எப்படித் தாழ்த்துகிறார்கள்?

கார் ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்து இருக்கிறது. பெரும்பாலான எஸ்.யு.வி.களில் சுருள் ஸ்பிரிங் இருக்கும். அதை எடுத்து விட்டு, உயரம் குறைந்த, கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங்கைப் போடுகிறார்கள்.

சில வண்டிகளின் பின்புறத்தில், லாரியில் இருப்பது போலப் பட்டை ஸ்பிரிங் இருக்கும். பட்டை அச்சுக்கு அடியில் இருந்தால், இரண்டுக்கும் நடுவே ஓர் இரும்புக் கட்டையை வைக்கும்போது வண்டி கீழே இறங்கும்.

மூன்றாவது முறை, காற்றுப் பை. ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் பை இருக்கும். காற்றை ஏற்றினால் வண்டி எழும். இறக்கினால் தாழும். இது செலவு மிகுந்தது.

ஸ்பிரிங்கை மாற்றினால், அதற்கு ஏற்ற ஷாக் அப்சார்பரையும் மாற்ற வேண்டும். பழையதை அப்படியே விட்டால் வண்டி குதிக்கும். சக்கரம் மேலே ஏறும்போது தடுத்து நிறுத்த ஒரு ரப்பர் கட்டை இருக்கிறது. இடம் குறைந்து விட்டதால், ஒவ்வொரு பள்ளத்திலும் அதில் போய் "டங்" என்று இடிக்கும். முதுகு வலிக்கும்!

பணத்தை மிச்சம் பிடிக்கச் சிலர் இருக்கிற ஸ்பிரிங்கையே வெட்டுகிறார்கள். அல்லது நெருப்பில் காய்ச்சி இறக்குகிறார்கள். இது மிகவும் ஆபத்தானது. காய்ச்சிய ஸ்பிரிங் வலுவை இழந்து விடும். வெட்டிய ஸ்பிரிங், சக்கரம் தொங்கும்போது தன் இருக்கையில் இருந்து நழுவலாம்.

டயர் எங்கே உரசும்?

தாழ்த்திய கார் வீட்டு வாசலில் நிற்கும்போது உரசாது. பட்டறையில் நிற்கும்போதும் உரசாது. "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஏழு பேர் ஏறுகிறார்கள். பின்னால் பெட்டிகள். கார் இன்னும் ஓர் அங்குலம் இறங்குகிறது. வளைவில் ஒரு பள்ளம் வருகிறது. அப்போதுதான் "சர்ர்" என்று சத்தம் கேட்கிறது!

டயர் உரசும் இடங்கள் மூன்று.

ஒன்று, மட்கார்டின் ஓரத்தில் உள்ளே மடிந்திருக்கும் தகடு. இது கத்தி போல டயரைச் சீவும்.

இரண்டு, மட்கார்டின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை. ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பும்போது முன் டயர் இங்கே உரசும்.

மூன்று, உட்பக்கம் இருக்கும் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும். இங்கே உரசுவது வெளியே தெரியாது. அதனால் இது மோசமானது. பிரேக் எண்ணெய் போகும் குழாயும் இதன் அருகில்தான் இருக்கிறது.

டயரின் தரையில் படும் பாகத்தில் எஃகுக் கம்பி வலை உண்டு. பக்கச் சுவரில் அந்தக் காப்பு இல்லை. அது மெல்லியது. உரச உரசத் தேயும், சூடேறும். ஒரு நாள் வெடித்து விடும். வேகமாகப் போகும்போது வெடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியது இல்லை.

அகல டயர் மோகம்

தாழ்த்துகிறவர்களில் பலர் கூடவே பெரிய டயரையும் போடுகிறார்கள். இடத்தைக் குறைத்து விட்டு, டயரைப் பெரிதாக்கினால் எப்படி?

டயரின் பக்கத்தில் எழுதி இருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால், கணக்கு எளிது. "235/65 ஆர் 17" என்று இருந்தால், டயரின் அகலம் 235 மில்லி மீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம். ரிம்மின் குறுக்களவு 17 அங்குலம்.

இதற்குப் பதில் "255/65 ஆர் 17" போட்டால், டயர் ஒவ்வொரு பக்கமும் 10 மில்லி மீட்டர் அகலும். மேலே இருக்கும் இடைவெளியில் 13 மில்லி மீட்டர் குறையும். ஏற்கனவே 2 அங்குலம் தாழ்த்திய காரில் இந்த 13 மில்லி மீட்டர் பெரிய நஷ்டம்!

ரிம்மையும் கவனிக்க வேண்டும். ரிம் காரோடு சேரும் தட்டு, நடுவில் இருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதற்கு "ஆப்செட்" என்று பெயர். அந்த எண் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளும், மட்கார்டில் உரசும். எண் கூடினால் உள்ளே போகும்; ஷாக் அப்சார்பரில் உரசும். அழகைப் பார்த்து ரிம் வாங்குகிறவர்கள் இந்த எண்ணையும் பார்த்து வாங்க வேண்டும்.

சாக்பீஸ் சோதனை

தாழ்த்தும் முன்பே உரசுமா என்று கண்டுபிடிக்கலாம். நல்ல மெக்கானிக் இப்படிச் செய்வார்:

ஸ்பிரிங்கைக் கழற்றி விடுவார். காரைத் தாங்கு கட்டையில் நிறுத்தி, சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் மெல்ல மேலே தூக்குவார். ரப்பர் கட்டை தடுக்கும் வரை தூக்குவார். அந்த நிலையில் ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பிப் பார்ப்பார். அப்போதும் எங்கும் படாவிட்டால், சாலையிலும் பெரும்பாலும் படாது.

தாழ்த்திய பிறகு செய்யும் சோதனை இன்னும் எளிது. டயரின் ஓரத்திலும், மட்கார்டின் உட்பக்கத்திலும் சாக்பீஸால் கோடு போட வேண்டும். வழக்கமாக ஏறும் அத்தனை பேரும் ஏறி, மெதுவாக வேகத்தடையில் ஏறி இறங்க வேண்டும். காலி இடத்தில் முழு வட்டம் அடிக்க வேண்டும். பிறகு இறங்கிப் பார்த்தால், கோடு எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே உரசுகிறது!

உரசினால் என்ன செய்வது? முதல் வழி, அளவான டயரையும் ரிம்மையும் போடுவது. இரண்டாவது வழி, தாழ்த்தியதில் பாதியைத் திரும்ப உயர்த்துவது. மூன்றாவது வழி, மட்கார்டின் உள் தகட்டைப் பக்குவமாக மடக்குவது. தகட்டை மடக்கினால் பெயின்ட் வெடிக்கும், துருப்பிடிக்கும். ஆகவே, இதைக் கடைசியாகத்தான் வைத்துக் கொள்ள வேண்டும்.

தாழ்த்தியதும் சக்கர அலைன்மென்டைச் சரி பார்ப்பது கட்டாயம். பல கார்களில் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்து விடும். அப்படியே ஓட்டினால் டயரின் உள் ஓரம் மட்டும் தேயும். வெளியே இருந்து பார்த்தால் புது டயர். உள்ளே பார்த்தால் கம்பி தெரியும்!

முன் விளக்கையும் சரி செய்ய வேண்டும். கேமரா, ரேடார் உள்ள புதுக் கார்களில், தானாகப் பிரேக் போடும் ஏற்பாடு காரின் உயரத்தை நம்பி இருக்கிறது. அதையும் மறுபடி அளவு பார்க்க வேண்டும்.

தானே குனியும் கார்

காற்றுப் பை உள்ள கார்களைக் கம்பெனிகளே செய்கின்றன. "ரேஞ்ச் ரோவர்" எஸ்.யு.வி.யில் 1990-களின் தொடக்கத்திலேயே இந்த வசதி வந்து விட்டது. ஏறும்போது கார் குனியும். காட்டுப் பாதையில் நிமிரும். வேகமாகப் போகும்போது தாழும். டயருக்கு வேண்டிய இடத்தைக் கம்பெனியே கணக்குப் பார்த்து விடுகிறது.

அங்கும் ஒரு பாடம் கிடைத்தது. "டெஸ்லா" கம்பெனியின் "மாடல் எஸ்" என்ற மின்சாரக் கார், நெடுஞ்சாலையில் தானாகத் தாழ்ந்து ஓடும். அது எஸ்.யு.வி. அல்ல. 2013-ம் ஆண்டு அமெரிக்காவில், சாலையில் கிடந்த இரும்புப் பொருள் அடியில் மோதி, இப்படிப்பட்ட 2 கார்கள் தீப்பிடித்தன. நல்ல வேளையாக உயிர்ச் சேதம் இல்லை.

அதே ஆண்டில், நெடுஞ்சாலையில் அந்தக் கார்கள் அவ்வளவு தாழாதபடி கம்பெனி மாற்றம் செய்தது. 2014-ம் ஆண்டில் காரின் அடியில் டைட்டானியத் தகட்டையும் பொருத்தியது.

நம் நாட்டில் என்ன சட்டம்?

நம் நாட்டில் இஷ்டம் போல வண்டியை மாற்ற முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைத் தடுக்கிறது. கேரளாவில் இருந்து வந்த ஒரு வழக்கில், 2019-ம் ஆண்டு ஜனவரி மாதம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. தயாரித்த கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது தீர்ப்பு.

அதே ஆண்டில் சட்டமும் கடுமையாக்கப்பட்டது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் உண்டு. 6 மாதம் வரை சிறைத் தண்டனையும் உண்டு. ஆகவே, பட்டறைக்குப் போகும் முன்பு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்க் கேட்பதே புத்திசாலித்தனம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும்.

நம் சாலைகளையும் நினைக்க வேண்டும். விதிப்படி கட்டிய வேகத்தடையின் உயரம் 10 சென்டி மீட்டர். விதிப்படி கட்டாதவை எத்தனையோ!

தாழ்த்தாத காரிலும் உரசும்!

"நாங்கள் காரைத் தாழ்த்தவில்லை. எங்களுக்கு என்ன கவலை?" என்று நினைக்க வேண்டாம்.

பழைய காரின் ஸ்பிரிங் காலப்போக்கில் தானாகவே தளர்ந்து இறங்கி விடும். அளவுக்கு மீறி ஆட்களையும் சுமையையும் ஏற்றினாலும் கார் தாழும். கம்பெனி சொன்னதைவிடப் பெரிய டயரைப் போட்டாலும் உரசும்.

ஊருக்குப் புறப்படும் முன்பு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். டயரில் காற்றைப் பாருங்கள். எல்லோரும் ஏறிய பிறகு, நான்கு சக்கரத்துக்கு மேலும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இறங்கி இருக்கிறதா? டயரின் உட்பக்கம் விரலால் தடவினால் பள்ளமோ கீறலோ தட்டுப்படுகிறதா? மட்கார்டின் உள்ளே ஓர் இடம் மட்டும் தேய்ந்து பளபளக்கிறதா?

இவற்றில் ஒன்று இருந்தாலும் பயணத்தை ஒரு நாள் தள்ளி வையுங்கள். மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சாலையில் கேட்கும் "சர்ர்" என்ற சத்தத்தை ரேடியோப் பாட்டில் மூழ்கடித்து விடாதீர்கள். இடம் போதவில்லை என்று சக்கரம் சொல்லும் சத்தம் அது!